இருபத்திரண்டு

போக வேண்டியவர் ஓவிய ஆசிரியர் குணாளன்.
ஆதாரில் அவர் அப்பா சின்னப்பையன்,
பிறப்புச் சான்றிதழில் சின்னபையன்.
ஒரு 'ப்' விழுந்துபோனதால்
கணக்கு டீச்சர் நான் ரோமுக்குப் போனேன்.
கிரானைட் சங்கத்தார் கொடுத்த காசு,
அவர்கள் பெயர் போட்ட தொப்பி.

பர்கூர் பள்ளி வாசலில் விடிகாலை மூன்று மணிக்கு
முதல் எண்ணிக்கை. இருபத்திரண்டு.
சூளகிரி தாண்டுவதற்குள் இரண்டு வாந்தி.
அத்திப்பள்ளியில் இருபத்திரண்டு.
துபாயில் ஒரு கணம் இருபத்தொன்று
(ருக்சானா தொழுகை அறை தேடிப் போயிருந்தாள்),
விமானத்தின் வால்பக்கம் மறுபடி இருபத்திரண்டு.
தூக்கத்திலும் எண்ணினேன்.
ஒருமுறை என்னையும் சேர்த்து எண்ணிவிட்டு
பயந்து எழுந்தேன்.

அந்த மண்டபத்தில் நுழைந்ததும்
சத்தம் போடாதீர்கள் என்று
காவலாளி பெருஞ்சத்தம் போட்டார்.
நானும் ஊரில் அப்படித்தான்.
எல்லோரும் அண்ணாந்தார்கள்.
எனக்குத் தெரிந்த உச்சந்தலைகள் காணாமல் போய்
தொண்டைக்குழிகளாக நின்றன.
முகவாயை வைத்து எண்ணிப் பழக்கமில்லை.
"எப்படி மிஸ், கழுத்து வலிக்காமயா வரஞ்சாரு?"
முனிவேல் தன் பிடரியைப் பிடித்துக்கொண்டான்.
சலேத் மேரி எதுவும் கேட்கவில்லை.
எலத்தகிரிக் கோயிலில் அவள் அம்மா கொடுத்தனுப்பிய
ஜெபமாலை விரலில் சுற்றியபடி இருந்தது.

எண்ணினேன். இருபத்தொன்று.
கடைசி வரிசையிலிருந்து எண்ணினேன்.
இருபத்தொன்று.

ஜெகதேவி திம்மராஜ்
இரண்டு நடை தள்ளி, கை கழுவும் இடத்தில் இருந்தான்.
குழாயடிப் பலகையை ஈரக்கையால் தடவிக்கொண்டிருந்தான்.
"நம்ம கல்லு மிஸ்.
இந்த வரி நம்ம பக்கந்தான் ஓடும்.
எங்கப்பா பாலிஷ் போடறாரே, அதே."
காதைத் திருகி முன்னால் போகச் சொன்னேன்.
அவன் திரும்பியதும் நானும் தொட்டுப் பார்த்தேன்.
சில்லென்றிருந்தது. கல் என்றால் சில்லென்றுதானே இருக்கும்.

வந்து சேர்ந்தபோது எங்கள் நேரம் முடிந்திருந்தது.
இருபத்திரண்டு பேரோடு வெளியே வந்தேன்.
அண்ணாந்து பார்க்கவில்லை.

திங்கட்கிழமை குணாளன் சார்
எனக்கும் சேர்த்து டீ வாங்கி வைத்திருந்தார்.
குளிர், சாப்பாடு, எதுவும் கேட்கவில்லை.
"அந்த ரெண்டு விரலும் தொடாம நிக்குதே டீச்சர்,
நடுவுல எவ்வளவு இருக்கும்?
எங்கிட்ட இருக்கற படத்துல
அந்த இடத்துலதான் மடிப்பு."

அளவு சொல்ல வேண்டியவள் நான்தான்.
டீ ஆறும்வரை குடித்தேன்.
"பசங்களக் கேட்டுச் சொல்றேன் சார்."

ஒரு சாக்பீஸ் குறுக்கே போகும் என்றாள் ருக்சானா.
போகாது, உடைந்துவிடும் என்றான் முனிவேல்.
வேண்டுமானால் ஒரு மாம்பிஞ்சு, காம்போடு.
சலேத் மேரி யோசித்துச் சொன்னாள்:
"அளவெல்லாம் இல்ல மிஸ்.
அந்த ஆளு இன்னும் கொஞ்சம் எட்டியிருக்கலாம்."
திம்மராஜ் நான் கேட்காமலே எழுந்தான்.
அவன் பார்க்கவே இல்லை என்றல்லவா நினைத்திருந்தேன்.
"பிளேடு போற எடம் மிஸ்.
ஒரே கல்ல ரெண்டா அறுத்தா
நடுவுல கொஞ்சம் தூளாப் போகுமில்ல,
அவ்ளோதான்."

குணாளன் சார் எல்லா அளவையும் கேட்டுக்கொண்டார்.
என் வகுப்புக் கரும்பலகையில்
இரண்டு கைகளை வரைந்தார்.
தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் மளமளவென்று வந்தன.
விரல் நுனிக்கு வந்ததும்
வைத்தார், துடைத்தார், ஊதினார், வைத்தார்.
மணி அடித்தது அவருக்குக் கேட்கவில்லை.

அடுத்த பீரியட் என்னுடையது.
டஸ்டரை எடுத்துவிட்டு வைத்தேன்.
மிச்சமிருந்த வலது ஓரத்தில் பொடி எழுத்தில்
சைன் தீட்டா எழுத ஆரம்பித்து
பாதியில்,
வகுப்புக்கு முதுகு காட்டி நின்றபடி
கொஞ்ச நேரம் இடது பக்கம் பார்த்தேன்.